தொழில் என்ற கட்டம்

பார்ட்டன் தெரு வங்கியில்
கார்க்கடனுக்கு விண்ணப்பம்.
தொழில் என்ற கட்டத்தில்
ஸ்டீல் என்று எழுதினேன்.

மேசைக்கு அப்பால் பெவர்லி
முதலில் இருமினாள்,
பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள்.
உருக்குக்கு இரண்டு ஈ வேண்டுமாம்.
நான் போட்டது ஒன்றுதான்.
மற்றது பறந்துபோன இடத்தில்
ஓர் ஏ குந்தியிருந்தது.

ஆக,
பதினொரு வருடமாய்த் திருடுகிறேன்,
ஹமில்டனில்,
இரவு ஷிப்டில்,
பாதுகாப்புத் தொப்பியோடு.

நானும் சிரித்துவைத்தேன்.
தமிழில் எழுதியிருந்தால்
இரண்டுக்கும் ஒரே ஸ்டீல்.
என்னைப் பிடித்திருக்கவே முடியாது.

வெள்ளை மை பூசி ஊதினாள்.
அது காயும்வரை
சம்பளச் சீட்டுகளைக் கேட்டாள்.
சீட்டுகளோடு என் சின்னக் கொப்பியும்
தவறிப் போய்விட்டது:
உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம்,
பென்சிலில்.

கூட்டினாள்.
மணிக்கணக்கு இடிக்கிறதே என்றாள்.
மறுபடி கூட்டினாள்.
கையுறை மாட்டும் ஐந்து நிமிடம்,
பூட்ஸ் கழற்றும் பத்து நிமிடம்,
ஏஜென்சிக்கார டொமினிக்
இரவுக்கு இரவு நறுக்கியெடுத்ததெல்லாம்
அவள் கால்குலேட்டரில் வந்து நின்றது.
இப்போது அவள் சிரிக்கவில்லை.

மை காய்ந்துவிட்டது.
பேனாவை என் பக்கம் திருப்பினாள்.

ஒன்று கேட்க நினைத்தேன்,
இங்கிலீஷ் வரவில்லை:
இந்தக் கட்டம் கேட்பது
என் தொழிலையா,
அவனுடையதையா?

வெளியே மைனஸ் பதினெட்டு.
ஜனவரி மாதத்தில்
இன்னொரு ஈக்கு
நான் எங்கே போவேன்.