வாய்தா

கறுப்புக் கோட்டுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர் பாக்கி.
அதுவரை
ராமநாதபுரம் கோர்ட்டின் கடைசி பெஞ்சில்
சீனியரின் கட்டுகளை மடியில் வைத்து
வாயை மூடியிருப்பதுதான் படிப்பு.

டவாலி கூப்பிடுகிறார்:
சின்னப்பாலம் நம்புவள்ளி, க/பெ களஞ்சியம்...
நம்புவள்ளி... நம்புவள்ளி...
ஒன்பது பேரில் ஒருத்தியும் இல்லை.
வாரண்ட் எழுதப் பேனா குனிகிறது.

நேற்று அமாவாசை.
இந்நேரம் தீவோரம் கழுத்தளவு நீரில்
பாதத்தில் தகரம் கட்டி, விரலில் துணி சுற்றி
மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருப்பார்கள்.
பறித்ததற்குத்தான் வழக்கு.
வக்கீல் பீஸுக்குத்தான் இன்றைய பறிப்பு.

நோட்டில் ஒரு மூலையைக் கிழித்துக் கிறுக்குகிறேன்:
'அட்டமிக்குக் கேளுங்கள் சார்.
அன்று நீர் வற்றாது,
எல்லோரும் வந்துவிடுவார்கள்.'

படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.
தொண்டையைச் செருமி எழுந்தார்:
"உடல்நலக் குறைவு, கனம் கோர்ட்டார் அவர்களே."

ஒன்பது பேருக்கும் ஒரே காய்ச்சல்.
கோர்ட் நம்பியது.
தேதி அட்டமியில்தான் விழுந்தது.
டைரியில் குறித்துப் பக்கத்தில்
பாதி நிலாவும் வரைந்தேன்.

கசங்கிய துண்டுத்தாள் உள்ளங்கையில் இருக்க,
பஸ் மண்டபம் தாண்டும்வரை
எனக்குத்தான் உடம்பு கொதித்தது.