வற்றம்

எட்டு மணிக்கு நிறைஓதம் என்று சொன்னது நான்தான்.
அட்டவணையில் போன வாரத்து வரியைப் படித்திருக்கிறேன்.
ஒரு வாரம் தவறினால் ஏற்றம் வற்றமாகிவிடும்,
முதல் மாதம் துடுப்புப் பிடிப்பவனுக்கே தெரியும்.
எனக்கு இது பதினாறாவது வருடம்.

அன்னங்கோவில் கரையில் இருட்டோடு இறங்கினோம்.
நான்கு கயாக், நான்கு தலைவிளக்கு.
ரெமிஜியுஸ், முகத்துவாரத்து அலையில் மூன்று முறை கவிழ்ந்து
மூன்று முறையும் உட்கார்ந்தபடியே உருண்டு நிமிர்ந்தவன்.
ஜெய்னு, கண்ணைக் கட்டிவிட்டாலும்
வெள்ளாற்றுச் சேற்றை மணத்தை வைத்தே
எந்தத் திருப்பம் என்று சொல்லிவிடுவான்.
வளர்மதி புதுச்சேரியிலிருந்து இங்கு வரை
கடல் வழியாக ஒரே நாளில் வந்தவள்,
அதைப் பற்றிப் பேசாதவள்.
ஆகவே யாரும் அட்டவணையைச் சரிபார்க்கவில்லை.

முழுக்குத்துறை தாண்டி, சுரபுன்னை நெருக்கும் இடத்தில்
முதலில் சத்தம் மாறியது.
சளப் என்பது சதக் ஆனது.
பிறகு வயிற்றுக்குக் கீழே
(படகின் வயிறா என் வயிறா)
நீண்ட ஓர் உரசல்,
பிறகு ஒன்றுமில்லை.

ஜெய்னு துடுப்பைச் சேற்றில் ஊன்றிக் கையை எடுத்தான்.
நின்றது, கொடிக்கம்பம் மாதிரி.
இறங்கினால் இடுப்பு வரை போகும்.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
அந்தப் பார்க்காமைக்குப் பதில்
நான்கு வசவு வாங்கியிருக்கலாம்.
ரெமிஜியுஸ் பிஸ்கட் பிரித்தான்.
உள்ளான்கள் எங்களைச் சுற்றி நடந்தன,
தாலுகா ஆபீஸ் கதவு திறக்கக் காத்திருப்பவர்கள் போல
ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி போய்.

அப்போதுதான் அவள் வந்தாள்,
பக்கத்து ஓடையிலிருந்து, தவழ்ந்து,
இரண்டு கைகளாலும் தரையைத் துழாவியபடி,
பனையோலைப் பறியின் கயிற்றைப் பற்களில் கடித்துக்கொண்டு.
கடலூர் முதுநகரில் பல் மருத்துவமனை வைத்திருப்பவள் நான்.
யாரைப் பார்த்தாலும் முதலில் அங்கேதான் பார்ப்பேன்.
கீழ்வரிசை நடுவில் சின்னப் பள்ளம்,
கயிறு உட்கார்ந்து உட்கார்ந்து
தனக்கென்று செதுக்கிய இடம்.
எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பெயர் படித்ததில்லை.

வாயில் பறி. அதனால் எதுவும் கேட்கவில்லை.
கண் மட்டும் நான்கு படகையும் எண்ணியது.
என் கயாக் அழுந்திய குழியில் கொஞ்சம் நீர்,
நீரில் கொஞ்சம் நிழல்.
கையை உள்ளே விட்டாள்.
இறால், விரல் நீளம்.
மறுபடி. மறுபடி.
ஏழாவதுக்குப் பிறகு பறியை மடிக்கு இறக்கி
முதல்முறையாக வாய் திறந்தாள்:
"எப்ப கெளம்புவீங்க?"
தண்ணி ஏறினா போயிடுவோம் என்றேன்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
"அய்ய, இருங்க. நெழலுக்கு நல்லா வருது."

வளர்மதிதான் முதலில் சிரித்தாள்,
பிறகு சேற்றில் காக்கை விழுந்ததுபோல எல்லோரும்.
ஜெய்னு உடம்பை முறுக்கி முறுக்கித்
தன் கயாக்கை ஒரு சாண் திருப்பினான்,
வெயிலுக்குக் குறுக்கே.
ரெமிஜியுஸ் துடுப்பை நீட்டி அதில் சட்டையை விரித்தான்.
தலைக்கு மேல் இல்லை, தண்ணீருக்கு மேல்.
அவள் படகு படகாகப் போய்வந்தாள்.
கடை வைத்தவர்கள் போல உட்கார்ந்திருந்தோம்.

பத்தரைக்கு நீர் திரும்பியது.
திரும்பியது என்றுகூடச் சொல்ல முடியாது.
நண்டு வளைகள் ஒவ்வொன்றாக ஒரு குமிழி விட்டன.
சேற்றின் பளபளப்பு கொஞ்சம் தடித்தது.
உட்கார்ந்திருந்த இடம்
மெல்ல என்னுடையது இல்லாமல் ஆனது.
முதலில் மிதந்தது வளர்மதி.
நான் கடைசி.

அவள் அடுத்த ஓடைக்குள் போய்விட்டிருந்தாள்.
கையாட்டக் கை காலியில்லை, சொல்ல வாய் காலியில்லை.
கழுத்து வரை நீர், அதன் மேல் ஒரு தலை, ஒரு பறி.

வெள்ளாற்றில் திரும்பியதும் ஜெய்னு கத்தினான்:
"டாக்டர், அடுத்த ஞாயிறு வற்றம் எத்தனை மணிக்கு?"
பதில் சொல்லவில்லை.
என் நாக்கு கீழ்ப்பற்களை
ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது.