மூன்று மில்லிமீட்டர்

முகத்தில் இருக்கிறதா கண், பிடரியில் இருக்கிறதா
என்று திட்டுவோம், வழியில் வந்து மோதுகிறவனை.
பிடரியில்தான்.
வீப்கே ஹார்யெஸுக்குப் பிழைப்பே அந்தப் பிடரிதான்:
மாக்டெபுர்க் நகரம், எல்பே ஆற்றிலிருந்து நாலு நிறுத்தம் தள்ளி,
ஜன்னல் இல்லாத தரைத்தளத்தில்
ஏழு டெஸ்லா காந்தம்.

இன்று வந்திருப்பவர் டெட்லெஃப் க்ரும்ராய்.
முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டியவர்.
ஒரு நவம்பர் காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது,
மூளையின் வலப்புறப் பின்கோடியில் ஒரு ரத்தக்குழாய் அடைத்தது.
அன்றிலிருந்து உலகத்தின் இடப்பாதி இல்லை.
இருட்டாக இருக்கிறதா, என்று கேட்டார்கள்.
இருட்டெல்லாம் இல்லை, என்றார்.
உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன நிறம்?
அது மாதிரி.

பெல்ட், சாவிக்கொத்து, பேனா எல்லாம் தட்டில்.
மோதிரம் மட்டும் கழலவில்லை. சோப்பு, குளிர்ந்த தண்ணீர்,
கடைசியில் வீப்கேயின் கைக்களிம்பு.
"ஹன்னெலோரேயிடம் சொல்லிவிடாதீர்கள்,
கல்யாணத்துக்கப்புறம் இதுதான் முதல் தடவை."

குழாய்க்குள் படுத்தார். முகத்துக்கு மேல் சின்னக் கண்ணாடி,
கண்ணாடியில் திரை, திரை நடுவில் சிவப்புப் புள்ளி.
அதையே பாருங்கள். அசையாதீர்கள்.
காந்தம் தட்டத் தொடங்கியது,
தடம் மாறும் இடத்தைச் சக்கரங்கள் தாண்டுகிற தடதடப்பு.
அவருக்குத் தாலாட்டு.

வலப்பக்கம் புள்ளிகள் ஓடினால் பொத்தானை அழுத்துகிறார்.
இடப்பக்கம் ஓடினால்
கை சும்மா கிடக்கிறது.
"ஏதாவது தெரிந்ததா?"
"இல்லையே. ஆரம்பித்துவிட்டீர்களா?"

இரவு எட்டரை. தாழ்வாரத்தில் துப்புரவு வண்டி உருள்கிறது.
எள்ளைவிடச் சிறிய கட்டங்களாக
ஒரு மனிதரின் தலையைத் திறந்து வைத்திருக்கிறாள் வீப்கே.
ஐந்து நொடி தாமதமாக ரத்தம் வந்து சொல்லும் சேதி அது.
நெருப்பை யாரும் பார்ப்பதில்லை;
தீயணைப்பு வண்டி போன தெருக்களை வைத்து
எரிந்த வீட்டை ஊகிப்பதுதான் இந்தத் தொழில்.
அசைவை அறிகிற இடத்தில் மங்கலாக ஏதோ.
வரம்பை இறக்கினால் தெரிகிறது, ஏற்றினால் போய்விடுகிறது.
ஆசைக்கும் அதே நிறம் என்று அவளுக்குத் தெரியும்.

நாலாவது ஓட்டத்தில் கோடு ஒன்று செங்குத்தாக எகிறியிருந்தது.
தலை அசைந்ததன் கணக்கு. வலப்பக்கமாக மூன்று மில்லிமீட்டர்.
இரண்டைத் தாண்டினால் அந்த ஓட்டம் குப்பைக்கு:
அவள் எழுதிய விதி,
முதல் தலையை அளக்கும் முன்பே கையெழுத்திட்டது.

நீக்கு என்ற சொல்லின்மேல் சுட்டி நிற்க,
சும்மாதான், அந்த நொடியில் திரையில் என்ன ஓடியது என்று பார்த்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் நொடி.
இடப்பக்கம். அவருக்கு இல்லாத பக்கம்.
பக்கவாட்டில் நகரவேண்டிய புள்ளிகள்
விரிந்து, விரிந்து,
அவர்மேல் பாய்ந்துகொண்டிருந்தன.
நாள் முழுக்க ஒரே ஒரு தடவை.
மாணவன் யூஸ்டுஸ் எழுதிய நிரலில் ஒரு பிழை.

காணாத ஒன்றுக்கு வழிவிட்டு ஒதுங்கினாரா?
குறுக்கே பாயும் சைக்கிள்களுக்காக
முப்பத்தொரு வருடம் இறுகிய கழுத்து,
கண்ணைக் கேட்காமலே?

எழுந்து நடந்தாள். காபி இயந்திரம் சில்லறையை விழுங்கிவிட்டது.
ஒன்று என்பது எண்ணிக்கையே இல்லை.
தும்மலாக இருக்கலாம். அரிப்பாக இருக்கலாம்.
ஒன்பது மணிக்கு, கூச்சத்தோடு, போன் செய்தாள்.
க்ரும்ராய் யோசித்தார். பின்னால் தொலைக்காட்சிச் சிரிப்பு.
"நாலாவதா? அதில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.
கோபமில்லையே?
அப்புறம், மோதிரம் அங்கேயே இருக்கிறதா பாருங்கள்,
இவள் இன்னும் கவனிக்கவில்லை."

இருந்தது. விசைப்பலகைக்கு இடப்பக்கம்,
அவள் முழங்கைக்குக் கீழே,
மாலையிலிருந்து.

விதிப்படி நாலாவது ஓட்டத்தை நீக்கினாள்.
யூஸ்டுஸுக்கு இரண்டு வரி அனுப்பினாள்:
உன் பிழையைத் திருத்திவிடாதே.
அதையே நாற்பது தடவை செய்.