இரண்டாம் பந்தி

ஓல்டனில் மூடுபனி, இன்றோடு பதினொரு நாள்.
எதிர் மாடி இல்லை, ஆற்றுப் பாலம் இல்லை.
ரயில் போகிற சத்தம் மட்டும்
பக்கத்து அறையில் யாரோ கதிரை இழுப்பதுபோல.

இரவு வேலை முடித்து வந்து
சப்பாத்தைக் கழற்றாமலே யன்னலில் நிற்கிறேன்.
உடுப்புக் காயவிடும் கம்பியில்
மிக்ரோஸில் வாங்கிய மரக்கூடு.
உள்ளே சூரியகாந்தி விதை, உப்பில்லாத கச்சான்.
உப்புக் கச்சான் என் பங்கு.

வருகிற ஒன்றுக்கும் எனக்குத் தமிழில் பேர் தெரியாது.
நீலத்தொப்பிக்காரி ஒருத்தி,
ஒரு விதையை எடுத்ததும்
கடன் கொடுத்தவனைக் கண்டவள்போல் ஓடிவிடுவாள்.
பச்சைத் தடியன் அப்படியில்லை;
கலியாண வீட்டில் பாயசம் வரும்வரை
இலையை விட்டு எழும்பாத ஆள்.
நெஞ்சு சிவந்தது கூட்டுக்கு ஏறாது.
கீழே பனித்தரையில்
மற்றவர் சிந்தியதைப் பொறுக்கும்,
முறைப்பு மட்டும் முதலாளி முறைப்பு.

பக்கத்து வீட்டுத் திருமதி ஹூர்லிமான்
கோது பறந்து தன் கல்தரையில் விழுகிறதென்று
இரண்டு கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டாள்.
இரண்டிலும் கடைசியில் ‘அன்புடன்’ இருந்தது.

இன்று எட்டு மணி பத்து.
மூடுபனிக்குள் இருந்து ஒரு சாம்பல் கை நீண்டு
மேசையைத் தட்டிவிட்டதுபோல
கூடு ஆடியது.
அவ்வளவுதான்.

இதன் பேர் மட்டும் உடனே வாயில் வந்தது:
வல்லூறு.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
தடியன் முந்தினான்.
பந்தியும் படையும் ஒரே இடத்துக்கு
ஒரே நேரத்தில் வருவதைப் பற்றி
அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பனியில் நாலு பச்சை இறகு.
கண்ணாடியில் என் மூச்சின் வட்டம்.
விதை போட்டது நான்.
இரண்டு கிலோ, ஒன்பது பிராங்க் எண்பது.
யாருக்குப் போட்டேன் என்று
இனித்தான் யோசிக்கவேண்டும்.

யன்னலைத் திறந்தேன். பக்கத்துக் கதவும் திறந்தது.
இரவு உடுப்போடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு
ஹூர்லிமான்.
‘பார்த்தீர்களா?’
‘பார்த்தேன்.’
ஐந்து வருடத்தில் கடிதமில்லாமல்
நாங்கள் பேசியது இவ்வளவு.
குளிருக்கு அவள் கதவைச் சாத்தவில்லை,
நானும்.

பத்தொன்பது நிமிடம்.
நீலத்தொப்பிக்காரி வந்தாள்.
ஒரு விதை. ஓடினாள்.
பிறகு இன்னொருத்தி.
பிறகு பேர் வைக்காத இரண்டு பேர்.

சிவந்த நெஞ்சு கீழே இறங்கி
இறகை அலகால் ஒதுக்கிவிட்டு
அதன் அடியில் கிடந்ததைப்
பொறுக்கத் தொடங்கியது.