ஊசி கோக்கும் அளவு

ஆடி பிறக்க நாலு நாள்.
ஐந்து ரோட்டில் தள்ளுபடித் தட்டி கட்டுகிறார்கள்.
காற்று பிடுங்குகிறது;
கட்டுகிறவன் காற்றின் அம்மாவைத் திட்டுகிறான்.
அம்மியைத் தூக்குமாம் இந்தக் காற்று.
கடைக்குள் மூன்றாம் மாடியில்
ஒரு நூலைக்கூடத் தூக்கவில்லை என்று புகார்.
அதற்குத்தான் வந்திருக்கிறேன்,
இரவு பத்தேகாலுக்கு,
ஏணியோடும் முனவரோடும்.

முதலில் மொட்டைமாடி. பதினைந்து டன் இயந்திரம்.
ஃபில்டரை உருவினால் கையில் வருவது போர்வை:
எந்தெந்தக் கல்யாணத்துப் பஞ்சோ,
டார்ச் வெளிச்சத்தில் ஜரிகைத் துகள் மின்ன.
முனவர் தட்டினான். இருவரும் தும்மினோம்.

டக்டில் துளையிட்டுக் குழாயைச் சொருகினேன்.
காற்றின் அழுத்தத்தைத் தண்ணீரில்தான் சொல்வோம்.
மேட்டூரில் நூறடி, தொண்ணூறடி என்பார்கள்.
எனக்கு முக்கால் அங்குலம்.
அதற்குள்தான் என் பிழைப்பு.

காற்றைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால்
மோட்டார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாய்க் கேட்கும்.
பெல்ட்டில் கைவைக்கவில்லை.
நிமிடத்துக்கு ஆறாயிரம் கன அடி, கணக்குப்படி
இருக்கிறது.
எங்கே போகிறது?

ஹூட்டைத் தலைக்குமேல் ஏந்தி
கிரில் கிரில்லாக நடந்தேன்,
சாமி இல்லாத ஊர்வலத்தில்
குடை பிடிப்பவன்போல.
பட்டு: நானூற்றுப் பத்து.
மாப்பிள்ளை வேட்டி: ஐந்நூற்று இருபது.
கல்லா: பூஜ்யம்.

பூஜ்யமா?
கிரில்லுக்குள் சேலைப்பெட்டி மூடி,
நாலு மூலைக்கும் டேப்.
காதில் துண்டு சுற்றிய அர்த்தநாரி
நோட்டை எண்ணி முடித்துவிட்டுச் சொன்னார்:
"எனக்குக் குளுருது. வேணாங்கறேன்.
என் காத்துதானுங்களே?"
நீங்கள் வேண்டாமென்றதுதான்
வேட்டிப் பக்கம் விலைச்சீட்டுகளைப் பறக்கவிடுகிறது என்றேன்.
"அப்படிங்களா."
டேப்பை எடுக்கவில்லை.

கடைசி அறை.
ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே
சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் பூங்காவனம்.
விடிந்தால் ஆனியின் கடைசி முகூர்த்தம்,
ஏழு சேலை பாக்கி.
ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.
கிரில்லில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தார்.
"எட்டு மாசமாத் தொங்குது. ஆடலை."
முந்நூறு வரவேண்டிய இடத்தில்
என் கருவி ஒன்பது என்றது.
கருவி இரண்டு லட்சம்.
நூலும் அதையேதான் சொல்லியிருந்தது.

சீலிங் பலகையை நகர்த்தித் தலையை நுழைத்தேன்.
கேமரா வயர் இழுத்தவன் கால்வைத்த இடத்தில்
குழாய், தீர்ந்த பற்பசைபோல்
நசுங்கிக் கிடந்தது.
வெட்டினோம். ஒரு முழம் புதிதாய்ச் சேர்த்தோம்.
ஒரு மணிக்குத் தட்டுவடை செட் பொட்டலத்தைப் பிரித்தால்
ஏழு மணிக்கு வாங்கியது,
பீட்ரூட்டில் ஊறிக் கூழாகியிருந்தது.
தின்றோம்.

வேட்டியைக் கொஞ்சம் மூடினேன். பட்டு ஏறியது.
பட்டை மூடினேன். படிக்கட்டு ஏறியது.
ஒன்றைத் தொட்டால் பதினொன்றும் நகரும்.
மறுபடி முதல் கிரில்.
மறுபடி.

மூன்றாம் சுற்றில் நூல்
சோம்பல் முறிப்பதுபோல் அசைந்து,
பிறகு படுக்கையாய் மிதந்தது.
இருநூற்றுத் தொண்ணூற்றைந்து!
முனவர் விசிலடித்தான்.

பூங்காவனம் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
நூல்முனை ஊசிக்காதைச் சுற்றிச் சுற்றி ஓடியது.
"கொஞ்சம் கம்மி பண்ணுங்க, தம்பி."
கால் திருகு. இருநூற்று எழுபது.
"இன்னும்."
இருநூற்று நாற்பது.
பதில் இல்லை. நூலை நாக்கில் நனைத்து,
கோத்து,
அடுத்த சேலையை இழுத்துக்கொண்டார்.

பத்து சதத்துக்குமேல் குறைந்தால்
தோல்வி என்கிறது படிவம்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஊசி கோக்கும் அளவு.
கல்லாவுக்கு நேராக என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.

வெளியே, தட்டியில்
ஆடி கிழிந்துபோய்
தள்ளுபடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
கஞ்சமலையைத் தாண்டி வந்த காற்று
ஏணியைப் பிடித்து இழுத்தது.
"இது எத்தனை கன அடிண்ணே?"
ஹூட்டை மடித்தாயிற்று என்றேன்,
வண்டியை எடு.