ஒன்பதாம் கேள்வி

சாகாம வீதியில், நெல் காயப்போடும் வெட்டையில்
பச்சைப் படங்குக் கூடாரம்.
இரண்டு ஸ்கூட்டர், ஒரு ஆட்டோ,
மூன்றுக்கும் புகைக்குழாய் இல்லை.
எனக்கொரு தொப்பி, கழுத்தில் அட்டை, நூற்றைம்பது படிவம்,
நாளுக்கு இரண்டாயிரம், பகல் சோறு பார்சல்.

ஓடிப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.
அவ்வளவுதான் வேலை.

முதலில் வந்தவர்கள் ஓடவில்லை.
கரைவலையில் ஏறிய சுறாவைப் பார்ப்பதுபோலச்
சுற்றி நின்றார்கள்.
ஒருவர் இருக்கையைத் தட்டினார்.
ஒருவர் குந்தியிருந்து அடியில் பார்த்து,
"எங்க தம்பி எஞ்சின்?" என்றார்.

பிறகு சிஹாறா, தையல்கடைக்காரி.
அந்த வருசம் பெற்றோல் வரிசையில்
கைப்பிள்ளையோடு இரண்டு இரவு படுத்தவள்.
அவள் ஏறிய வேகத்தில் கூடாரக் கயிறு ஒன்று அறுந்தது.
ஒரு சுற்று என்றோம், மூன்று சுற்றினாள்.
நாலாம் கேள்வி: வாங்கும் உத்தேசம் உண்டா?
"உத்தேசம் இரிக்கி. காசுதான் இல்ல."
'ஆம்' ஒரு பெட்டி, 'இல்லை' ஒரு பெட்டி.
இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டின் மேல்
ஒரு சரி போட்டேன்.

ஆட்டோ மகேந்திரன் கணக்குப் பார்த்தார்.
ஒரு சார்ஜுக்கு நூற்றுப்பத்துக் கிலோமீற்றர்.
அட்டாளைச்சேனை, நிந்தவூர், கல்முனை,
இரண்டு தரம் போய்வரலாம்.
பொத்துவிலுக்கு ஹயர் வந்தால்?
"போகலாம். கோமாரியில வச்சு முடிஞ்சா?
பெற்றோல் எண்டா போத்தல்ல வாங்கலாம்.
கரண்ட எந்தப் போத்தல்ல வாங்குற?"
கேள்வி கேட்பது நான்தான் என்று
அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூன்று மணிபோல உதுமாலெவ்வை வந்தார்.
சாரனில் வட்டைச் சேறு காய்ந்திருந்தது.
ஸ்கூட்டரை வீதி முனைவரை மெல்லக் கொண்டுபோனார்.
திரும்பி வரும்போது வாயால்
டுர்ர்ர் என்று ஒரு சத்தம் வைத்தார்.
எல்லாரும் சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

ஒன்பதாம் கேள்வி:
வாகனத்தின் அமைதி உங்களுக்குப் பிடித்ததா?

"புள்ள, இரவு பத்து மணிக்கு நான் வட்டையால வாறன்.
பத்தைக்குள்ள ஆன நிக்கும்.
என்ட பழைய மோட்டச்சைக்கிள் ஒரு கட்டைக்கு அங்கால இருந்தே கத்தும்.
அது காதடிக்கும், யோசிக்கும், மறுகா விலகும்.
இந்தச் சாமான் பூனை மாதிரிப் போகுது.
நானும் காணாம, அதுவும் காணாம
முட்டினாப் பொறகுதான் ஸலாம் சொல்லணும்."

"ஹோர்ன் இரிக்கி காக்கா" என்றான் கம்பனிப் பொடியன்.
"அடிச்சா அதுக்குக் கோவம் வரும்."

மிகவும் பிடித்தது, பிடித்தது,
பரவாயில்லை, பிடிக்கவில்லை.
நாலு பெட்டியிலும் கொள்ளவில்லை.
'வேறு' என்பதற்கு நேரே எழுதினேன்: யானை.

ஐந்தரைக்குக் கொழும்பிலிருந்து போன்.
படமெடுத்து அனுப்பிய படிவங்களை
ஒரு குரல் அங்கே புரட்டிக்கொண்டிருந்தது.
எண்பத்தேழாவதில் ஏதோ எழுத்துப்பிழையாம்.
பிழையில்லை என்றேன்.
அப்போது அமைதி பிடித்ததா, இல்லையா?
யானையிடம் கேட்கவில்லை என்றேன்.
குரல் கொஞ்சநேரம் சும்மா இருந்தது.
பிறகு ஒரு குறியெண் தந்தது: தொண்ணூற்றொன்பது.

கூடாரம் கழற்றும்போது
பற்றரியில் ஆறு வீதம் மிச்சம்.
"நீங்க இன்னும் ஓடலியே" என்று
பொடியன் திறப்பை நீட்டினான்.
கருக்கல். லைட் இல்லாத வளைவு.
காற்று மட்டும் காதுக்குள் கிழிந்தது, நன்றாகத்தான் இருந்தது.
வீதி நடுவே ஒரு மாடு
அசைபோட்டபடி, நான் வருவதை அறியாமல்.

ஹோர்ன் இருக்கிறது, பெருவிரலுக்குப் பக்கத்தில், மஞ்சள் பொத்தான்.
அது நினைவுக்கு வரவில்லை.

வாயைக் குவித்து
டுர்ர்ர் என்றேன்.
மாடு எழும்பவில்லை.
ஒரு காதை மட்டும்
என் பக்கம் திருப்பியது.