நாளை மழை பெய்தது

நாலரைக்கு எழும்புதல்.
நாலே முக்காலுக்குத் தேசிக்காய் பிழிந்த சுடுதண்ணி.
ஐந்துக்கு டச் பே மணலில் நாற்பது நிமிட நடை.
ஆறுக்குச் சிங்கள இலக்கணம், வினைச்சொற்கள், பத்து.
பச்சை மை, சிவப்பு மை,
முடித்த நாட்களில் ஒட்டுவதற்கு
நட்சத்திரங்கள் ஒரு பைக்கற்.
தையில் கீறினேன்.
நட்சத்திரங்களை மாசியில்
அக்காவின் மகள் தன் நகங்களில் ஒட்டிக்கொண்டாள்.

இரண்டாம் மொழித் தேர்ச்சி இல்லாமல்
சம்பள ஏற்றம் இல்லை என்று
கச்சேரியில் எனக்கு மூன்று கடிதம்.
மூன்றையும் நானே பைலில் கோத்தேன்.
கடிதம் கோப்பது என் வேலை.

பங்குனியில் புதிய அட்டவணை.
ஐந்து மணி. நடை இருபது நிமிடம்.
அலாரத்தை அலுமாரிக்கு மேலே வைத்தேன்.
கதிரை போட்டு ஏறி, அணைத்து, இறங்கி,
அந்தக் கதிரையிலேயே நித்திரை கொள்ளப் பழகினேன்.
அது மட்டும் இருபது நாள் தவறவில்லை.

எதிர் மேசை ரிஸ்மியா சுபஹுக்கு எழும்புகிறவள்.
எப்படியடி என்று கேட்டேன்.
"நான் எழும்புறதப் பத்தி யோசிக்கிறல்ல" என்றாள்,
முத்திரைக் கட்டையில் மை தடவியபடி.
அதைப் பற்றி அன்று முழுக்க யோசித்தேன்.

சித்திரையில் மூன்றாவது.
பசை காயட்டும் என்று மதிலில் விரித்து
மேலே ஒரு கல்லைப் பாரம் வைத்தேன்.
இந்த ஊரில் மான் திரிகிறது என்பதை
இந்த ஊரில் பிறந்தவளே மறந்தால் யார் என்ன செய்ய.
கொம்பு வைத்த புள்ளிமான்,
பஸ் நிலையத்தில் வாழைப்பழத்தோல் தின்று தேறியது,
திங்கள் முதல் வியாழன் வரை மென்று
வெள்ளியைத் துப்பிவிட்டுப் போனது.

அந்த ஈரத் துண்டோடு படலையில் நின்றபோதுதான்
பாண் ஓட்டோ வந்தது,
தினமும் நான் தலையணையால் காதை மூடுகிற
அதே மெட்டோடு.
ஆறு பத்து.
சுனெத், கந்தளாய்க்காரர், பேக்கரியிலேயே தங்கல்,
ஒரு றாத்தல் பாணைப் பேப்பரில் சுற்றினார்.
வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று
புத்தகத்தில் நினைவிருந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்:
"ஹெட்ட வெஸ்ஸா."
நேற்று என்று நினைத்துத்தான் சொன்னேன்.
அவர் வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
தமிழில் கேட்டார்:
"நாளைக்கு மழை பெய்ததா மிஸ்?
நாளைக்கு நனைஞ்சிட்டீங்களா?"

சில்லறை கையில் சூடாகும்வரை சிரித்தேன்.
பிறகு சிரிப்பு நின்றது.
நாளை நான் நாலரைக்கு எழும்பினேன்.
நாளை நாற்பது நிமிடம் நடந்தேன்.
நாளை பத்து வினைச்சொல் பாடமாக்கினேன்.
முப்பத்தாறு வயதுவரை நான் முடித்ததெல்லாம்
அந்தக் காலத்தில்தான்.

இப்போது அட்டவணை இல்லை.
முடக்கில் மெட்டுத் திரும்பும்போது எழும்புகிறேன்,
தலை வாராமல், செருப்பை மாறிப் போட்டு.
பாண் கைக்கு வருவதற்குள் ஒரு வசனம்.
ஒன்றுதான்.
பிழையென்றால் திருத்துவார்,
சரியென்றால் ஒன்றும் சொல்லமாட்டார்.
நடை, படலைவரை பதினெட்டு அடி.
தேசிக்காய் சொதிக்குப் போகிறது.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை.
ஓட்டோ வரவில்லை.
மூன்றாம் நாளும் ஆறு பத்துக்குப்
படலையில் நிற்கிறேன், குடையும் சில்லறையுமாக.
யாரும் எழுப்பவில்லை, மெட்டும் இல்லை;
இதை நான் கவனித்ததே
செருப்பு சரியாக இருந்ததால்தான்.
உள்துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதுகிறது.
மதிலோரம் நனைந்து நிற்கிற மான்
என்னிடம் பேப்பர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிறது.

"ஈயே வெஸ்ஸா" என்றேன் அதற்கு.
நேற்று மழை பெய்தது.
சரியாகத்தான் இருக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை.
இன்றும் பெய்கிறது என்று சொல்லப் பார்த்தேன்.
அந்த வினை இன்னும்
வாயில் வரவில்லை.